தாத்தாவின் தூண்டில் கோலும் ஐம்பது பவுன் ரீலும்



இந்த வாரப் பதிவு ரீல் பற்றியது. "தாத்தா, நீங்களும் ரீல்ஸ் போட ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று பேரன் கேட்டுவிட்டான். அந்த ரீல் இல்லை. நம் ஊரில் சிலர் 'விடுகிற' ரீலும் இல்லை. தூண்டில் கோலின் அடியில் பூட்டி, நூலைச் சுற்றி வைக்கிற சக்கரம். அதற்கு எண்ணூறு வருடத்துக்கும் மேற்பட்ட கதை இருக்கிறது.

பேச்சு வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி இப்போது இங்கிலாந்தில் பர்மிங்காமில் நர்ஸாக இருக்கிறாள். அவளுடைய தாத்தா நீலகிரியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிளார்க். ஊரைவிட்டுப் போன துரை ஒருவர் தன் தூண்டில் கோலை அவருக்குக் கொடுத்துவிட்டு, ரீலை மட்டும் கழற்றிக் கப்பலில் கொண்டுபோய்விட்டார். தாத்தா கவலைப்படவில்லை. கோலின் நுனியிலேயே நரம்பைக் கட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியில் கெண்டை பிடித்தார். அவர் காலமான பின் கோல் பரணில் கிடந்தது. போன லீவில் வந்தவள் அதைத் துணியில் சுற்றித் தன்னோடு எடுத்துப் போய்விட்டாள்.

இப்போது அவளுக்கு அதில் மீன் பிடிக்க ஆசை. சித்தப்பா, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குத் தூண்டில்? நல்ல விலைக்குக் கேட்கிறாங்க, வித்துடு" என்கிறாராம். கூட வேலை பார்க்கிற ஒருவர், "பழைய கோலுக்கு ஹார்டி கம்பெனியின் பழைய ரீல்தான் போட வேண்டும்" என்றாராம். அதன் விலையைக் கேட்டு இவளுக்குத் தலை சுற்றிவிட்டது. மூன்றாவதாக ஒரு பட்டறைக்காரர், "கைப்பிடியைக் கொஞ்சம் சீவிக் கொடுத்தால் எந்தப் புது ரீலும் உட்காரும்" என்று சொல்லியிருக்கிறார். "சார், என்னிடம் ஐம்பது பவுன் இருக்கிறது. என்ன செய்ய?" என்று கேட்டு, கோலின் படத்தையும் அனுப்பியிருந்தாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று துண்டுகள், மொத்தம் எட்டரை அடி. மூங்கிலைப் பிளந்து, ஆறு முக்கோணப் பட்டைகளாகச் சீவி, அறுகோணமாக ஒட்டிய கோல். பிடியில் கார்க். அதற்குச் சற்று மேலே மங்கிய எழுத்தில் ஊர்ப் பெயர்: ரெட்டிச். அந்த ஒரு சொல்லிலேயே பாதி விடை இருந்தது. மீதி விடைக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முதலில், இது என்ன வகைத் தூண்டில் என்று தெரியாதவர்களுக்காக. நம் குளத்தங்கரைத் தூண்டிலில் முள்ளில் புழு. நூலின் கனத்தில் எதுவும் இல்லை. ஃப்ளை ஃபிஷிங் என்கிற இந்த முறையில் இரை என்பது இறகும் பட்டு நூலும் கட்டிச் செய்த பொய்ப்பூச்சி. அதற்கு எடையே கிடையாது, வீசினால் போகாது. ஆகவே நூலையே கனமாகச் செய்து, சாட்டையைச் சுழற்றுவது போல முன்னும் பின்னும் வீசி, அந்த நூல் இழுத்துக்கொண்டு போய்ப் பூச்சியைத் தண்ணீர்மேல் மெதுவாக இறக்க வேண்டும். டிரவுட் மீன் நிஜப் பூச்சி என்று நம்பி வாய் வைக்கும். இதில் உழைப்பெல்லாம் கோலுக்கும் நூலுக்கும். ரீலுக்கு என்ன வேலை? வீசாத நூலை வைத்துக்கொள்வது. பெரும்பாலும் அவ்வளவுதான். நடுத்தர டிரவுட் மாட்டினால், நூலை இடது கையால் இழுத்தே கரைக்குக் கொண்டுவந்து விடுவார்கள்.

ரீல் இல்லாமலே இந்தக் கலை பல நூற்றாண்டு நடந்தது என்பதுதான் இதற்குச் சாட்சி. 1496இல் லண்டனுக்குப் பக்கத்தில் வெஸ்ட்மின்ஸ்டரில் விங்கின் டி வோர்ட் அச்சிட்ட தூண்டில் நூல் ஒன்று உண்டு. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற பெண் துறவி எழுதியது என்பது மரபு. ஆய்வாளர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை. அதில் கோல் செய்யச் சொல்லிக்கொடுக்கிறது, குதிரைவால் மயிரைத் திரித்து நூல் செய்யச் சொல்லிக்கொடுக்கிறது, பூச்சி கட்டவும் சொல்லிக்கொடுக்கிறது. ரீல் பற்றிப் பேச்சே இல்லை. நீளமான கோலின் நுனியில் நூலைக் கட்டிவிடுவார்கள். என் மாணவியின் தாத்தா ஏரியில் செய்ததும் அதைத்தான்.

(சித்தப்பாவுக்காக ஒரு தகவல். பிரிட்டனில் தூண்டிலில் பிடிபட்ட மிகப் பெரிய சால்மன் மீன் 64 பவுண்டு எடை. ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் 1922இல் பிடித்தவர் ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண். நூறு வருடமாகியும் அந்தச் சாதனை முறியவில்லை.)

ஐரோப்பியர் ரீல் பற்றி எழுதுவதற்கு வெகு முன்னாலேயே சீனர்களிடம் அது இருந்தது. 1195 வாக்கில் மா யுவான் என்ற ஓவியர் வரைந்த படம் ஒன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பரந்த ஏரி, நடுவில் சின்னப் படகு, அதில் ஒருவர் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் இருக்கும் கோலில் ஒரு சக்கரம் தெளிவாகத் தெரிகிறது. இங்கிலாந்தில் இதைப் பற்றிய முதல் எழுத்து 1651இல் தாமஸ் பார்க்கர் என்பவரின் புத்தகத்தில் வருகிறது. அவர் தொழில் சமையல். நல்ல மீன் எங்கே கிடைக்கும் என்று தேடிப் போனவர் போலும்!

சக்கரம் வந்த பின்னும் அது எளிமையாகவே இருந்தது. அமெரிக்காவில் 1810 வாக்கில் கென்டக்கி மாநிலத்து ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர், பற்சக்கரங்களை வைத்து, பிடியை ஒரு சுற்று சுற்றினால் நூல் பல சுற்று சுற்றுகிற ரீலைச் செய்தார். அது வேறு வகை மீன்பிடிப்புக்குப் போனது. ஃப்ளை ரீல் மட்டும் பழைய கிணற்று உருளை மாதிரி, ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று என்றே நின்றுவிட்டது. உள்ளே ஒரு பற்சக்கரம், அதைத் தட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன எஃகு நாக்கு, அதை அழுத்தும் வில். சைக்கிளை மிதிக்காமல் உருட்டும்போது பின் சக்கரத்தில் டிக் டிக் என்று கேட்குமே, அதே ஏற்பாடு. மீன் இழுக்கும்போது சக்கரம் தறிகெட்டுச் சுழன்று நூல் சிக்காமல் இருக்க அந்த நாக்கு போதும். 1874இல் அமெரிக்காவின் வெர்மான்டில் சார்லஸ் ஆர்விஸ் காப்புரிமை வாங்கிய ரீலில் பக்கத் தகடு முழுக்கத் துளைகள். எடையும் குறையும், ஈர நூலுக்குக் காற்றும் படும். அதற்குப் பிறகு வந்த ரீல்களைப் பார்த்தால், அந்த மெல்லிய உடம்பும் துளைகளும் மறுபடி மறுபடி வருவது தெரியும்.

இனி இரண்டு ஊர்களின் கதை.

முதல் ஊர் ஆல்ன்விக். இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்து எல்லைக்கு அருகே கோட்டையோடு இருக்கும் சிறு நகரம். 1872இல் வில்லியம் ஹார்டி அங்கே துப்பாக்கி, இரும்புச் சாமான் கடை வைத்தார். தம்பி ஜான் ஜேம்ஸ் விரைவில் சேர்ந்துகொண்டார். தூண்டில் சாமான்களுக்கு மாறி, 1890களின் தொடக்கத்தில் 'பர்ஃபெக்ட்' என்ற ரீலை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதன் விசேஷம் பால் பேரிங். காலத்தைக் கவனியுங்கள்: இன்றைய சைக்கிளின் முன்னோடியான ரோவர் 1885, டன்லப்பின் காற்று டயர் 1888. சைக்கிள் உலகத்தைப் பிடித்த அதே பத்தாண்டில் அதன் குண்டுமணிகள் தூண்டிலுக்குள்ளும் நுழைந்துவிட்டன. அருமையான வேலைப்பாடு, மறுப்பதற்கில்லை. பிரபுக்கள் வாங்கினார்கள், துரைமார் காலனிகளுக்கு எடுத்துப் போனார்கள். இன்று அதைச் சேகரிப்பவர்கள் வாங்குகிறார்கள். அதனால்தான் அந்த விலை. மீன் பிடிப்பதற்காக உள்ள விலை அல்ல. பெயருக்காக உள்ள விலை.

இரண்டாவது ஊர் ரெட்டிச். என் மாணவி வேலை பார்க்கும் பர்மிங்காமுக்குத் தெற்கே, நம் கணக்கில் குன்னூருக்கும் ஊட்டிக்கும் உள்ள தூரத்தைவிடச் சற்று அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்துத் தையல் ஊசிகளில் பெரும்பங்கு இந்த ஒரு ஊரிலிருந்து போனது. ஊசி செய்யத் தெரிந்தவனுக்குத் தூண்டில் முள் செய்வது பெரிய காரியமா? கண் போடுவதற்குப் பதில் வளைத்து, ஒரு செதில் எடுத்தால் முள். முள்ளிலிருந்து நூலுக்கு, நூலிலிருந்து கோலுக்கு, கோலிலிருந்து ரீலுக்கு என்று தொழில் விரிந்தது. ஆல்காக், மில்வர்ட் போன்ற பெரிய கம்பெனிகள் அங்கே வளர்ந்தன. ஊசியைத் தீட்டியவர்களின் நுரையீரலில் எஃகுத் தூள் படிந்து இளமையிலேயே செத்தார்கள் என்பதும் அந்த ஊரின் வரலாறுதான். ஃபோர்ஜ் மில் என்ற பழைய ஊசி ஆலை இப்போது அருங்காட்சியகம்.

1880களில் அதே ஊரில் ஜே.டபிள்யூ. யங் என்பவர் ரீல் செய்யும் பட்டறை தொடங்கினார். மகன்களும் சேர்ந்தார்கள். யங் கம்பெனி தன் பெயரில் விற்றதோடு நிற்கவில்லை. மற்ற கம்பெனிகளுக்கும் கடைகளுக்கும் ரீல் செய்து, அவரவர் பெயரைப் பொறித்துக் கொடுத்தது. நம் ஊரில் ஒரே மில்லில் நெய்த வேட்டி பல கடைகளின் முத்திரையோடு வருவதில்லையா? அப்படி. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவர்கள் செய்த பியூடெக்ஸ், பிரிடெக்ஸ், காண்டெக்ஸ் என்ற ரீல்கள் ஆலைத் தொழிலாளியும் தபால்காரரும் பள்ளி வாத்தியாரும் வாங்கக்கூடியவை. பால் பேரிங் கிடையாது. வழவழப்பான ஒரு இருசு, அதன்மேல் சுழலும் உருளை, நாக்கு, வில். ஒரு பர்ஃபெக்ட் வாங்குகிற காசுக்கு இன்றைக்கும் இவற்றில் மூன்று நான்கு வாங்கலாம். ஐம்பது பவுனுக்குள் நல்லதாகவே கிடைக்கும்.

ஆகவே என் பதில்: ரெட்டிச் கோலுக்கு ரெட்டிச் ரீல். அந்தக் காலத்தில் அந்தக் கோலை வாங்கிய சாதாரண மனிதர் எதைப் பூட்டியிருப்பாரோ அதையே பூட்டு. ஹார்டி போட்டால்தான் மரியாதை என்பது சேகரிப்பவர்கள் கிளப்பிவிட்ட பேச்சு.

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது இப்படிப் பழைய மூங்கில் கோல் வாங்கினால், அங்கே இதற்குச் சமமானது ஃப்ளூகர் கம்பெனியின் 'மெடலிஸ்ட்'. ஒஹையோ மாநிலத்து ஏக்ரன் நகரில் செய்தது. டயர் தொழிலுக்குப் பேர்போன ஊர். 1930களின் பெருமந்தக் காலத்திலும் விற்று, பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் ஓடிய ரீல் அது. பழையது ஏராளமாகக் கிடைப்பதால் விலையும் தாங்கக்கூடியது.

"புது ரீல் வாங்கினால் என்ன சார்?" என்று கேட்கலாம். குற்றமில்லை. ஆனால் ஒரு சங்கதி. மூங்கில் கோல் ஐந்து அவுன்ஸ், அதாவது சுமார் 140 கிராம் எடை. அதில் கணிசமான பங்கு முன்பக்கம் இருக்கிறது. இன்றைய ரீல்கள் கார்பன் கோலுக்காகச் செய்தவை, இறகு மாதிரி லேசு. அதை மூங்கில் கோலில் பூட்டினால் நுனி கனத்து, மாலைக்குள் மணிக்கட்டு விண்விண்ணென்று வலிக்கும். ஐந்து, ஆறு அவுன்ஸ் எடையுள்ள பழைய ரீல் பின்பக்கம் உட்கார்ந்தால் தராசு மாதிரி சமப்படும். கார்க் பிடியின் முன்பகுதியில் ஆள்காட்டி விரலை வைத்துத் தூக்கினால் கோல் சாயாமல் நிற்க வேண்டும். சமன் எல்லாம் வெறும் நம்பிக்கை, லேசாக இருந்தால் நல்லதுதான் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. எங்கள் தாய்மாமா அவலாஞ்சியில் மீன் காவலராக இருந்தபோது, அவர் பின்னால் கூடை தூக்கிக்கொண்டு போய், அவர் தந்த கோலை நாள் முழுக்க வீசிப் பார்த்தவன் நான். என் மணிக்கட்டு தராசுப் பக்கம்தான்.

அவலாஞ்சி என்றதும் சொல்லியாக வேண்டும். நீலகிரி ஓடைகளில் டிரவுட் இயற்கையாக இருந்த மீன் அல்ல. 1860களில் டாக்டர் பிரான்சிஸ் டே கொண்டுவரப் பார்த்தார், பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் முயன்று, அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்து, வானவில் டிரவுட் நிலைத்தது. அதற்கு முன்பே, 1873இல், சென்னை மாகாண சிவில் அதிகாரி எச்.எஸ். தாமஸ் இந்தியத் தூண்டில் பற்றிய தன் புகழ்பெற்ற புத்தகத்தை மங்களூரில் அச்சிட்டுவிட்டார். ஆங்கிலேயன் எங்கே போனாலும் கோலோடு போனான். ரெட்டிச் கோல் ஒன்று நம் எஸ்டேட் பரணில் கிடந்ததற்குக் காரணம் இதுதான்.

இனி அளவு. பழைய கோல்கள் பட்டு நூலுக்காகச் செய்தவை. அந்த நூலுக்கு எண் கிடையாது, எழுத்துதான். ஒவ்வொரு எழுத்தும் ஒரு பருமன். 'எச்.டி.எச்.' என்றால் இரண்டு நுனியும் மெலிந்து, நடுவில் தடித்த நூல். 1961இல் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் சேர்ந்து பருமனை விட்டுவிட்டு எடைக்கு மாறினார்கள்: முதல் 30 அடி நூலின் எடை என்ன? 160 கிரெய்ன் என்றால் ஆறாம் எண். நம் கணக்கில் ஒன்றேகால் சவரனுக்குச் சற்று மேல். அவ்வளவு எடைதான் அந்தக் கோலை வளைத்துப் பூச்சியைக் கொண்டுபோகிறது. எச்.டி.எச். பட்டு நூல் இன்றைய ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் வரும். இந்தக் கோலுக்கு முதலில் ஐந்தை மாட்டிப் பார்ப்பது நல்லது. வயதான மூங்கிலை அதிகம் வருத்தக் கூடாது.

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஒரு கிலோ பஞ்சு கனமா, ஒரு கிலோ இரும்பு கனமா என்று வகுப்பில் கேட்பேனே, நினைவிருக்கிறதா? எடை ஒன்றுதான், இடம்தான் வேறு. பட்டு அடர்த்தியானது, மெழுகு தடவினால்தான் மிதக்கும். இன்றைய பிளாஸ்டிக் நூல் தானே மிதக்கும்படி செய்தது. ஆகவே அதே எடைக்குப் பருமன் அதிகம். பட்டு நூல் 30 கஜம் சுற்றி, அதற்குக் கீழே இன்னும் ஐம்பது கஜம் ஆதார நூலும் கொண்ட பழைய ரீலில், பிளாஸ்டிக் நூலைச் சுற்றினால் ஆதார நூலுக்கு இடம் குறைந்துவிடும். அதனால் மூன்று அங்குல ரீல் அழகாக இருக்கிறதே என்று மயங்காமல், மூன்றேகால் முதல் மூன்றரை அங்குலத்துக்குள் பார்க்க வேண்டும்.

வாங்கும்போது பெயிண்ட் உரிந்திருந்தால் கவலையே வேண்டாம். விலை குறையும், நமக்கு லாபம். உருளையை விரலால் அசைத்துப் பார்க்க வேண்டும், இருசில் ஆட்டம் இருந்தால் வேண்டாம். கிர்ர் சத்தம் கேட்கவில்லையென்றால் நாக்கோ வில்லோ போயிருக்கிறது. விளிம்பு எங்கும் உரசாமல் சுற்ற வேண்டும். கீழே விழுந்து நெளிந்த ரீல் நூலைக் கடித்துவிடும். எந்தக் கையால் சுற்றுவது என்பது பெரிய பிரச்சினை அல்ல. இந்த வகையில் பலவற்றில் அந்த நாக்கைத் திருப்பிப் போட்டால் மறு கைக்கு மாறிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ரீலின் கால். கோலில் பூட்டுவதற்காக அடியில் நீண்டிருக்கும் தட்டை உலோகம். அக்காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு நீளமும் தடிப்பும் வைத்தது. படத்தில் தெரிகிற கோலில் திருகு இல்லை. இரண்டு வளையங்கள் நழுவி வந்து காலின் இரு முனையையும் கவ்வ வேண்டும். காகிதத்தில் அந்தப் பள்ளத்தின் நீளத்தையும், வளையத்தின் உள்வாயையும் அளந்து வரைந்து கையோடு எடுத்துப் போக வேண்டும். கால் மெல்லியதாக இருந்து ஆடினால் கீழே ஒரு துண்டு மெல்லிய தோல் வைத்தால் போதும். தடித்துப் போய் நுழையவில்லை என்றால் அந்த ரீல் வேண்டாம், வேறு பார். முன்னாள் சொந்தக்காரர்கள் அரத்தால் ராவிய கால்களோடு நிறைய ரீல்கள் சந்தையில் கிடக்கின்றன. சேகரிப்பவர்கள் அவற்றைத் தொடமாட்டார்கள். அதனால் விலை இன்னும் மலிவு. அளவு பொருந்தினால் தயங்காமல் வாங்கலாம்.

கைப்பிடியைச் சீவுகிற யோசனைக்கு மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: கூடவே கூடாது. ரீல் மறுபடி கிடைக்கும், ஆயிரக்கணக்கில் செய்தார்கள். அந்தக் கார்க்கில் தாத்தாவின் கட்டைவிரல் பட்டுப் பட்டுக் கறுத்த குழி இருக்கிறது, படத்திலேயே தெரிகிறது. அதைச் சீவிவிட்டால் எந்தக் கடையில் போய் வாங்குவது?

நூல் விஷயத்தில் கையிருப்பைப் பொறுத்து முடிவெடுக்கலாம். பட்டு நூல் இன்றும் சிலர் செய்கிறார்கள். விலை ரீலைவிட அதிகமாகிவிடும். பிளாஸ்டிக் நூலே போதும். பட்டு வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: மீன் பிடித்து வந்ததும் ரீலிலிருந்து முழுவதும் உருவி, நிழலில் கொடியில் தளர்வாகப் போட்டுக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு சுற்றி வைத்தால் ஒரு மழைக்காலத்தில் மக்கிவிடும். ரீல் தகட்டுத் துளைகளை மட்டும் நம்பி விடக்கூடாது.

பதிவு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர் பற்றி எழுதுகிறேன். பழைய படங்கள் வைத்திருப்பவர்கள் அனுப்பி வையுங்கள்.